மறுமணம் செய்துகொள்ளவில்லை

நவம்பர் மாதத்தில் எங்கள் வங்கிக் கிளைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் தாங்கள் உயிரோடிருப்பதை நிரூபிக்க வருகிறார்கள். மத்திய அரசுப் பென்ஷன்காரர்களுக்கு அதற்கான மாதம் அது. படிவம் ஒரே பக்கம்தான். மேல்பாதியில் பெயர், கணக்கு எண், பென்ஷன் ஆணை எண். கீழ்ப்பாதி குடும்பப் பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு. நான் மறுமணம் செய்துகொள்ளவில்லை, செய்துகொண்டால் உடனே தெரிவிப்பேன் என்று அவர்கள் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கவேண்டும். பதினோரு வருஷமாக இந்தக் காகிதத்தைக் கவுண்டருக்கு வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறேன். எழுபது வயதுக் கிழவி ஒருத்தி, “இன்னாப்பா எழுதிக்கிது இதுல?” என்று கேட்டு, நான் படித்துச் சொன்னதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முப்பது வயதுக்காரிகள் சிரிப்பதில்லை. விதி ஆண்களுக்கும் உண்டு. ஆனால் மனைவியின் குடும்பப் பென்ஷனுக்காக என் கவுண்டருக்கு வந்த ஆண்கள் இத்தனை வருஷத்தில் இரண்டே பேர். 2014இல் வந்த விரல்ரேகை முறையிலும் அதே கேள்வி இருக்கிறது. இயந்திரம் மூஞ்சியைப் பார்க்காமல் கேட்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் ஊர் உத்திரமேரூர். தகுதியின்மைகளின் பட்டியலைக் கல்லில் வெட்டிவைத்த ஊர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், பராந்தக சோழன் காலத்தில் 919இலும் 921இலும் பொறித்த குடவோலை விதிகளைப் பார்க்க டில்லியிலிருந்தெல்லாம் வருகிறார்கள். யார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடலாம், முப்பத்தைந்துக்குக் கீழே கூடாது, எழுபதுக்கு மேலே கூடாது, கணக்குக் காட்டாதவன் கூடாது, அவனுடைய இன்னின்ன உறவினர் கூடாது. கோயிலுக்கு முன்னால் நின்று பெருமைப்படுகிறவர்கள் பெரும்பாலும் தகுதிகளைத்தான் சொல்வார்கள். எனக்கு, குமாஸ்தா புத்தி, தகுதியின்மைகள்தான் சுவாரஸ்யம்.

இதை இலக்கியப் பத்திரிகையில் எழுதக் காரணம் ஒரு நாவல். மாத நாவல் ரகம். என் அக்கா நூலகத்திலிருந்து எடுத்து வந்தது. அட்டையும் முதல் சில தாள்களும் போய்விட்டிருந்ததால் பெயரும் ஆசிரியரும் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் நம் வட்டத்தில் யாருக்கும் அது ஒரு தகவலாக இருந்திருக்காது. காஞ்சிபுரம் போகிற பஸ்ஸில், வேறு எதுவும் கையில் இல்லாததால் படித்தேன். விபத்தில் கணவனை இழந்த ஒரு பெண் கோயம்புத்தூரில் வேலைக்குப் போகிறாள், அங்கே ஒருவன், தயக்கம், மழை, ஆஸ்பத்திரி, கல்யாணம். நடை சொல்லும்படியாக இல்லை. கண்கள் பதினேழு இடங்களில் பனிக்கின்றன; எண்ணினேன். காஞ்சிபுரத்தில் இறங்கும்போது முடித்துவிட்டு, இதை வைத்து ஜனரஞ்சக எழுத்தின் உணர்ச்சி மலிவு பற்றி ஒரு குறிப்பு எழுதலாம் என்று நினைத்தேன். திரும்பி வரும் பஸ்ஸில்தான் ஒன்று உறுத்த ஆரம்பித்தது. இந்தப் பெண் செத்துப்போன கணவனை நேசித்தவள். நாவல் அதை எங்கேயும் குறைக்கவில்லை. ஓரிடத்தில் அவள் ஆபீசில் யாரோ சொன்ன ஹாஸ்யத்துக்கு வாய்விட்டுச் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக இரண்டு நாள் தன்னைத் தண்டித்துக்கொள்கிறாள். கடைசியில் இரண்டாவது கல்யாணத்துக்குப் பிறகும் முதல் கணவனின் சட்டை ஒன்று அவள் பீரோவில் இருக்கிறது. புதிய கணவனுக்கு அது தெரியும். அவன் அதை எடுக்கவும் சொல்லவில்லை. அதைப் பற்றி உயர்ந்த வசனம் எதுவும் பேசவும் இல்லை. பீரோவில் தன் சட்டைகளைப் பக்கத்துத் தட்டில் வைத்துக்கொள்கிறான்.

இந்த ஒரு சட்டைக்கு இணையாக நம்முடைய உயர்ந்த நாவல்களில் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். எதுவும் அகப்படவில்லை.

மாதவையாவில் ஆரம்பிக்கலாம். 1892இல், இருபது வயதில், விவேக சிந்தாமணியில் சாவித்திரி சரித்திரம் என்று தொடங்கி, நடுவில் நின்றுபோனதை 1903இல் முத்துமீனாட்சி என்று புத்தகமாக்கினார். உப்பு இலாகாவில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு எழுதியவர். நம்மைப்போலப் பகலில் ஒரு மேஜை, இரவில் இன்னொரு மேஜை. ஒரு பிராமண விதவை தன் கதையைத் தானே சொல்வதாக எழுதி அவளுக்கு மறுமணமும் செய்துவைத்தது அந்தக் காலத்தில் சாதாரணத் துணிச்சல் இல்லை. ஆனால் முத்துமீனாட்சி புக்ககத்தில் கண்டது கொடுமை. அவள் அழுகிறாள், அந்தக் கண்ணீர் இறந்தவனுக்காக வந்தது அல்ல, தன் நிலைமைக்காக வந்தது. அவள் கடந்துவர வேண்டிய துக்கம் என்று ஒன்று நாவலில் இல்லை. கடந்துவர வேண்டியது சமூகம் மட்டுமே.

ஜெயகாந்தனின் யுகசந்தியில் கௌரிப் பாட்டியின் பேத்தி கீதா மணமான கொஞ்ச காலத்திலேயே விதவையானவள். கதையின் மையம் பாட்டி. மொட்டையடித்த தலையோடு பேத்தியின் பக்கம் போய் நிற்கிற அந்தக் கிழவி தமிழ்ச் சிறுகதையின் பெரிய பாத்திரங்களில் ஒருத்தி. ஆனால் கீதாவுக்கு இறந்தவன் முகம் ஞாபகம் இருந்ததா என்று கதை கேட்பதில்லை. கேட்டால் பாட்டியின் நியாயம் பலவீனப்பட்டுவிடும் என்று ஆசிரியருக்குத் தோன்றியிருக்கலாம்.

ஜானகிராமனின் அம்மா வந்தாள் (1966) இவை எல்லாவற்றையும்விட ஆழத்துக்குப் போகிற நாவல். காவிரிக்கரை வேதபாடசாலையில் விதவை இந்து அப்புவிடம் தன்னை மறைக்காமல் சொல்கிறாள். எதற்கும் வெட்கப்படாத ஒரு குரல். ஆனால் அவள் என்ன சொல்கிறாள்? சின்ன வயதிலிருந்தே மனதில் இருந்தது அப்புதான், கணவன் அல்ல என்கிறாள். அதாவது இரண்டாவது காதல் என்று நாம் நினைத்தது முதல் காதல். நடுவில் வந்த கல்யாணம் ஒரு அச்சுப்பிழை. கற்பு என்ற கருத்து இங்கே உடைபடவில்லை. இன்னும் நுட்பமாகக் காப்பாற்றப்படுகிறது. மனதால் அவள் ஒருவனுக்கே உரியவள்.

சினிமாவிலும் இதே சூத்திரம்தான். ஸ்ரீதரின் நெஞ்சில் ஓர் ஆலயம் (1962) படத்தில் புற்றுநோய்க்காரக் கணவன், தான் இறந்தால் டாக்டரை மணந்துகொள் என்று மனைவியைக் கேட்கிறான். டாக்டர் யார்? அவளுடைய பழைய காதலன். அப்படி இருந்தும் படம் தாங்கவில்லை. கணவனைப் பிழைக்கவைத்து டாக்டரைச் சாகடித்துவிட்டது. 1986இல் மௌன ராகம் வந்தபோது, செத்துப்போனவனையும் உண்மையாக நேசித்து, உயிரோடிருப்பவனையும் உண்மையாக நேசிக்கிற ஒரு பெண்ணை முதல்முறையாகப் பெரிய கூட்டம் ஏற்றுக்கொண்டது என்பார்கள். உண்மைதான். ஆனால் இறந்தவன் தாலி கட்டாதவன். தாலி கட்டியவனிடம்தான் அவள் வந்து சேர்கிறாள். வரிசை சரியாக இருந்தால் ரசிகன் எதையும் மன்னிப்பான்.

பி.ஏ.யில் எங்களுக்கு ஜேன் ஆஸ்டினின் பெர்சுவேஷன் பாடம். நிச்சயித்த பெண்ணைச் சாவுக்குக் கொடுத்துவிட்டு பைரன் கவிதைகளில் மூழ்கிக் கிடக்கிற கேப்டன் பென்விக், சில மாதங்களில் வேறொருத்தியோடு நிச்சயமாகிறான். வகுப்பில் அவனை இரண்டு நிமிஷத்தில் கடந்து போனோம், பெண்கள் சிரித்தார்கள். ஆஸ்டினும் லேசாகச் சிரிக்கிறாள்தான், ஆனால் தண்டிப்பதில்லை. கதாநாயகிக்கு மட்டும் எட்டு வருஷம் காத்திருந்து பழைய ஆளையே கொடுக்கிறாள். ஆக நோய் நமக்கு மட்டும் உள்ளது அல்ல.

இது ஏன் என்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். நம்முடைய சீர்திருத்த இலக்கியம் முழுவதும் ஒரு கருணை மனு. 1889இல் சுதேசமித்திரன் ஜி. சுப்பிரமணிய ஐயர், சிறுவயதில் விதவையான தன் மகளுக்குப் பம்பாயில் மறுமணம் செய்துவைத்தார். அன்று போராட வேண்டியிருந்தது பெரும்பாலும் இப்படிப்பட்ட குழந்தைகளுக்காக. மனுவின் வாதம்: இவள் எதையும் அனுபவிக்காதவள், ஆகவே கொடுங்கள். நல்ல வாதம், ஜெயித்த வாதம். ஆனால் மனு எழுதும் கை நாவலுக்குள்ளும் வந்துவிட்டது. விதவை காதலிக்க வேண்டுமென்றால் அவள் முன்பு சந்தோஷமாக இருந்திருக்கக் கூடாது. சந்தோஷமாக இருந்தவள்? அவளுக்குப் பங்கு கொடுத்தாகிவிட்டது. பந்தியில் ஒருமுறைதான் இலை.

சட்டம் இதை இன்னும் பச்சையாகச் சொன்னது. விதவை மறுமணத்தை அனுமதித்த அதே 1856ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாவது பிரிவின்படி, மறுமணம் செய்துகொண்டவள், அந்தக் கணத்தில் செத்துவிட்டவளைப்போல, முதல் கணவன் சொத்திலுள்ள உரிமையை இழப்பாள். 1983இல்தான் அந்தச் சட்டம் ரத்தானது. வீரப்பதக்கம் வாங்கிய ராணுவத்தினரின் விதவைகள், கணவனின் உடன்பிறந்தவனை மணந்தால் மட்டுமே பதக்கத்துக்கான உதவித்தொகை தொடரும் என்ற நிபந்தனை 2017வரை இருந்தது. நம் மாநில அரசு, தர்மாம்பாள் அம்மையார் பெயரில், மறுமணம் செய்துகொள்கிற விதவைக்கு நிதியும் தாலிக்குத் தங்கமும் தருகிறது. ஒரு ஜன்னலில் தாலி கொடுக்கிறோம், அடுத்த ஜன்னலில் பென்ஷனை நிறுத்துகிறோம். இரண்டாவது ஜன்னலில் உட்கார்ந்திருப்பவன் நான்.

அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். மாமா ரயில்வேயில் இருந்தார். 2017இல் போனார், மூளையில் கட்டி, மூன்று மாதம். அப்போது அக்காவுக்கு முப்பத்துநான்கு, பாப்பாவுக்குப் பத்து. அவர்கள் இருவரும் இருந்த வீட்டில் சத்தம் அதிகம். சண்டைச் சத்தம் இல்லை, சீட்டாடுகிற சத்தம். கல்யாணமான தம்பதிகள் எதிரெதிரே உட்கார்ந்து ரம்மி ஆடியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மாமா ஏமாற்றுவார். காரியம் முடிந்த வீட்டில் பெரியம்மா ஒருத்தி ஆறுதலாகச் சொன்னது இது: “பன்னெண்டு வருஷம் ராணி மாதிரி வச்சிருந்தான். அது போதும்மா ஒரு பொம்பளைக்கு.” எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன் என்றுதான் நினைக்கிறேன்.

பென்ஷன் எங்கள் கிளைக்கே வந்தது. கணக்கில் மாமாவின் செல்போன் எண்தான் பதிவாகியிருந்தது. மாற்றிவிடலாம் அக்கா என்றேன். வேண்டாம் என்றாள். மாதாமாதம் அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருக்கிறாள். அவர் செத்ததற்கான பணம் வந்துவிட்டது என்ற செய்தி மாதக்கடைசியில் அவர் போனுக்கே வருகிறது. சார்ஜரோடு சாமி அலமாரியில் கிடக்கும் அந்த போன் கிணுங்கும்போது அவள் சமையலறையிலிருந்து, “வந்துடுச்சு” என்பாள். இந்தப் படிமத்தை நான் இலக்கிய நண்பர்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒருவர் இதைக் கவிதையாக்கவும் பார்த்தார்.

2021 நவம்பரில் அக்கா படிவத்தோடு என் கவுண்டரில் நின்றாள். மேல்பாதியில் கையெழுத்துப் போட்டாள். கீழ்ப்பாதியில் பேனா நின்றது.

“இதப் போடலன்னா என்னாடா ஆவும்?”

“நின்னுடும்.”

“மொத்தமாவா?”

“ம்.”

அவளுக்குப் பின்னால் எட்டுப் பேர் வரிசையில் இருந்தார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அந்த ‘ம்’ பொய். விதவை மறுமணம் செய்துகொண்டால் குடும்பப் பென்ஷன் மொத்தமாக நிற்பதில்லை. தகுதியுள்ள பிள்ளைக்குப் போகிறது. இருபத்தைந்து வயது வரை, அதற்குள் கல்யாணமோ சம்பாத்தியமோ வந்தால் அதுவரை. பிள்ளையில்லாத விதவையாக இருந்தால் 2006 ஜனவரிக்குப் பிறகு, வேறு வருமானம் ஒரு வரம்புக்குக் கீழே இருக்கும்வரை, மறுமணத்துக்குப் பின்னும் அவளுக்கே தொடரும். இதெல்லாம் எனக்குத் தெரியும். இது என் தொழில். பாப்பாவுக்கு அன்று பதினான்கு. பதினோரு வருஷத்துக்குப் பணம் வந்துகொண்டுதான் இருந்திருக்கும். மூன்று வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். வரிசை நீளம் என்பது காரணமில்லை.

அதே வருஷம் இதே பத்திரிகையில் நான் அம்மா வந்தாள் பற்றி எழுதியிருந்தேன். இந்துவின் வெட்கமின்மை தமிழ்ப் பிரக்ஞையில் ஒரு உடைப்பு என்று அதில் ஒரு வாக்கியம் வரும். அந்த வாக்கியத்துக்காக இரண்டு பேர் கடிதம் எழுதினார்கள். இந்துவைப் பக்கத்தில் ஒப்புக்கொள்வது எனக்குச் சுலபமாக இருந்தது; அவள் கணவனை நான் பார்த்ததில்லை. மாமாவோடு நான் சீட்டாடியிருக்கிறேன்.

அம்மாவுக்கும் ஊருக்கும் பயந்தேன் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். பயமும் இருந்தது. ஆனால் யோசிக்க யோசிக்க அதற்கு அடியில் வேறொன்று தட்டுப்படுகிறது. அக்காவின் துக்கம் எனக்குப் பிடித்திருந்தது. அது சுத்தமாக இருந்தது. சாமி அலமாரியில் கிணுங்கும் அந்த போன் கலைந்துவிடக் கூடாது என்று எனக்கு இருந்தது. சிறு பத்திரிகைகளில் நாம் வளர்த்துக்கொண்ட ரசனையும் இதற்கு உடந்தை. இழப்பு என்றால் இலக்கியம். இழந்தவள் மறுபடி ஒரு நாள் தலைவாரிக்கொண்டு வெளியே கிளம்பினால் அது வாரப்பத்திரிகைக் கதை. துக்கத்தைத் தீராமல் வைத்திருக்கிற எழுத்தைத்தான் தீவிரம் என்கிறோம். புறநானூற்றில் 245ஆம் பாட்டில் மனைவியை எரித்துவிட்டு இன்னும் உயிரோடிருக்கிறேனே என்று ஒரு சேரமான் வருந்துகிறான். 246இல் பூதபாண்டியன் தேவி கணவனின் சிதையில் ஏறப்போகிறாள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துத் தொகுத்தவன் என்ன நினைத்தானோ. நான் இரண்டையும் ஒரே மூச்சில் உன்னதம் என்று சொல்லிப் பழகியவன். அந்தச் சேரமான் அடுத்த வருஷம் என்ன செய்தான் என்பதை யாரும் பாடவில்லை.

அட்டையில்லாத அந்த நாவலை எழுதியவருக்கு இந்த ரசனை எதுவும் இல்லை. அதனாலேயே, மோசமான தமிழில், நம்மால் முடியாத ஒன்றைச் செய்துவிட்டார். சட்டை பீரோவில் இருக்கிறது, அவளும் சிரிக்கிறாள். இரண்டில் ஒன்று பொய்யாக இருக்கவேண்டிய அவசியம் அவருக்குத் தெரியவில்லை. அது நல்ல நாவல் என்று நான் இப்போதும் சொல்லமாட்டேன். பதினேழு இடத்தில் பனிக்கிற கண்கள் பனித்தவைதான். ஆனால் அந்தச் சட்டையை ஜானகிராமன் எழுதியிருந்தால் என்று ஏங்குகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து விதியைச் சொன்னேன், கவுண்டரில் சொல்வதுபோல வரிசையாக. பாப்பாவுக்கு இப்போது பதினெட்டு. ஏழு வருஷம் மிச்சமிருக்கிறது என்றேன். அவள் கையை நிறுத்தவில்லை.

“இது அப்பவே தெரியுமா ஒனக்கு?”

“தெரியும்.”

கீரை முழுவதையும் ஆய்ந்து முடித்தாள். காம்புகளை முறத்தில் கூட்டி வெளியே கொட்டிவிட்டு வந்தாள். அன்று அவளை யாராவது கேட்டிருந்தார்களா, அவர் இப்போது எங்கே இருக்கிறார், அல்லது அப்படி யாருமே இல்லாமல் சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டாளா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற உரிமையை ஒரு ‘ம்’மில் தொலைத்தாகிவிட்டது.

“அந்தக் கதப்புக்க எங்கடா வெச்ச?” என்றாள். “லைப்ரரில ரெண்டு வாட்டி கேட்டுட்டாங்க.”

“எங்கிட்டதான் இருக்குது.”

“முடிச்சிட்டியா?”

“முடிச்சிட்டேன்.”

“நல்லாருக்குது இல்ல?”

எனக்குத் தெரிந்த விமர்சனச் சொல் எதுவும் அந்த இடத்தில் உதவவில்லை. நல்லா இருக்குது என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்தாள். பொய் சொல்கிறேனா என்று பார்த்திருக்கலாம். உள்ளே போய் எனக்கு டீ போட்டாள்.

இந்த நவம்பர் படிவத்துக்கு அவள் இன்னும் வரவில்லை. மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கிறது.